வரைந்தது உல்பான்

ஆப்பிள் மரங்களின் நிழலுக்கு நீலம் பூசிக்கொண்டிருந்தாள் உல்பான். கஜகஸ்தானின் அல்மாத்தி நகரத்தில் இருந்த அந்தக் கார்ட்டூன் பட நிறுவனத்தில் பின்னணிக் காட்சிகளில் பாதிக்கு மேல் அவள் கணினியில் வரைபவைதான். முதலாளி தௌரென்பெக் பால் விட்ட தேநீரைத் தன் கையாலேயே கொண்டுவந்து வைத்தார். நான்கு வருஷத்தில் நடக்காத காரியம்.

"எதுக்கு டீ?"

"சும்மாதாம்மா, குடி."

அவள் கோப்பையைத் தொடவில்லை. பள்ளிக்கூடத்தில் அவளிடம் சும்மா சிரித்தவர்கள் அடுத்த நிமிஷம் எதையாவது பிடுங்கிக்கொண்டு ஓடியவர்கள்.

"பிரிவுத் தலைமை வேலை கேட்டிருந்தேனே, அண்ணே?"

"இன்னைக்கு விருந்தாளிங்க வர்றாங்க. அவங்க போகட்டும், அப்புறம் பேசலாம்."

சற்று நேரத்தில் சுவரோரம் இருந்த அவள் மேசையை நடுக்கூடத்துக்கு இழுத்துப் போட்டார்கள். கூட வேலை செய்யும் கம்ஷாத் கணினியை எடுத்துவிட்டு, வெள்ளைத்தாளும் கிரேயான் பெட்டியும் வைத்தாள்.

"இது எதுக்குடி?"

"ஆட்டிசம் உள்ளவங்களுக்கு வேலை குடுக்கிற கம்பெனிக்கு உதவுற ஆளுங்களாம். நீ கையால வரைஞ்சாதான் போட்டோவுக்கு நல்லாருக்கும்னு முதலாளி சொன்னாரு."

"கிரேயானை நான் ஆறு வயசுலயே விட்டாச்சு. உனக்கும் குடுத்தாரா?"

கம்ஷாத் பெட்டியின் மூடியைத் திறந்து மூடினாள். உல்பானுக்கு முகம் படிக்க வராது என்பார்கள். இந்த முகம் படிக்க வந்தது.

"தலைமை வேலை உனக்குத்தானே?"

"நான் கேக்கலடி. போன், மீட்டிங் எல்லாம் உனக்குத் தாங்காதுன்னு அவரே முடிவு பண்ணிட்டாரு."

"என்னைக் கேட்டாரா?"

அதற்குள் விருந்தாளிகள் உள்ளே வந்துவிட்டார்கள். எழுந்து போய்விடலாமா என்று பார்த்தாள். வாசலை மறித்துக் கேமரா நின்றது. சிவப்புக் கிரேயானை எடுத்துக் கண்ணில் பட்டதை வரைந்தாள்: தூண்கள், ஜன்னலுக்கு வெளியே மலை, கைகட்டி நிற்கும் மனிதர்கள், அவர்கள் காலடி நிழல்.

வந்தவர்களில் ஒரு பெண்மணி குனிந்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு உல்பானின் தலைக்கு மேலாகக் கம்ஷாத்திடம் கேட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க. இதுக்கு யாரு உதவி பண்ணினது?"

"நான்தான் வரைஞ்சேன்," என்றாள் உல்பான்.

"ஆமாண்டா கண்ணு, ஆமா," என்றாள் அந்தப் பெண்மணி, ஒவ்வொரு எழுத்தாக இழுத்து. கம்ஷாத் கிரேயான்களைப் பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கினாள்.

தௌரென்பெக் சிரித்தார். "எல்லாரும் ஒரே குடும்பம்ங்க. ஆளுக்கொரு கை குடுப்போம்."

போட்டோ எடுப்பவர் நெருங்கி நிற்கச் சொன்னார். படத்தைக் கம்ஷாத்தின் கையில் பிடிக்கக் கொடுத்தார்கள். தொட்டால் உடம்பெல்லாம் எரியும் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே உல்பான் சொல்லியிருந்தாள். அவள் தோளில் தௌரென்பெக்கின் கை கனமாக வந்து உட்கார்ந்தது.

"சிரிம்மா," என்றார்.