வாலில்லா இறக்கையும் வால் வைத்த கிளைடரும்

"வாலே இல்லாம அதெல்லாம் ஒரு பிளேனா ஜோதி? துணி மாட்டுற ஹேங்கர் பறக்கிற மாதிரி இருக்கு."

"உங்களது மட்டும் என்னவாம் அண்ணி? பல்லிக்கு ரெக்கை முளைச்ச மாதிரி."

மாசி மாத ஞாயிற்றுக்கிழமை. கொள்ளிடத்து மணலில் மணிமேகலையும் அவள் நாத்தனார் ஜோதியும் ஆளுக்கொரு ரிமோட்டுடன் நின்றிருந்தார்கள். மணிமேகலைக்கு ஸ்கேன் சென்டரில் வேலை, ஜோதி கல்லூரியில் கணக்கு வாத்தியார். மோட்டார் இல்லாத கிளைடர்களைக் காற்றில் மிதக்க விடுவதில் இருவருக்கும் பைத்தியம். மணிமேகலையினுடையது நீண்ட இறக்கையும் வாலும் உள்ள வழக்கமான கிளைடர். கையை எடுத்தாலும் தானாக நேராகப் போகும் சாது. ஜோதியினுடையது உடம்பும் வாலும் இல்லாத வெறும் இறக்கை. வேகம் அதிகம். மூக்கில் எடை கொஞ்சம் குறைந்தாலும் குட்டிக்கரணம் போடும்.

அன்று பந்தயம் வேறு. அடுத்த வாரம் மருங்காபுரியில் சித்தப்பா பேரனுக்குக் காதுகுத்து. குடும்பத்தில் யாராவது ஒருவர் போய், நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்து, உறவுக்காரர்களின் கேள்விகளுக்குச் சிரித்த முகத்தோடு பதில் சொல்ல வேண்டும். அதிக நேரம் பறக்கவிட்டு மணலில் போட்ட வட்டத்துக்குள் யார் இறக்குகிறாளோ அவள் தப்பித்தாள்.

ரப்பர் கயிற்றில் இழுத்து இரண்டையும் ஏற்றினார்கள். சூடான காற்று மேலெழும் இடமாகப் பார்த்து ஒரு பருந்து வட்டமிட்டுக்கொண்டிருந்தது. ஜோதி தன் இறக்கையை நேராக அதனருகே கொண்டுபோனாள். இறக்கை ஜிவ்வென்று ஏறியது.

"பார்த்தீங்களா அண்ணி, அதுவே ஜோடின்னு நினைச்சிடுச்சு!"

பருந்து அப்படி நினைக்கவில்லை. இறக்கையை மடக்கிப் பாய்ந்து, நகத்தால் ஓங்கி ஒன்று விட்டது. ஜோதியின் இறக்கை சுழன்று சுழன்று கொள்ளிடத்தின் முழங்கால் தண்ணீரில் விழுந்தது.

மணிமேகலை குதித்தாள். குலவையும் போட்டாள். கை தட்டுவதற்காக ரிமோட்டை மணலில் வைத்தாள். நிமிர்ந்தபோது அவளுடைய சாதுக் கிளைடர் யாரையும் தொந்தரவு செய்யாமல் ஸ்ரீரங்கத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ரிமோட்டைப் பாய்ந்து எடுப்பதற்குள் மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

"உங்களது இன்னும் இறங்கவே இல்லையே அண்ணி," என்றாள் ஜோதி, ஈரச் சுடிதாரைப் பிழிந்தபடி.

ஸ்கூட்டரில் தெருத் தெருவாக அலைந்தார்கள். ஒரு மொட்டைமாடியிலிருந்து வேதவல்லி என்றொரு மாமி கைதட்டிக் கூப்பிட்டாள்.

"உங்களோடதா இது? கருடாழ்வார் சேவை சாதிக்கறார்னு கன்னத்துல போட்டுண்டேன். கிட்டக்க வந்தா பிளாஸ்டிக்! என் வடாம் மேல படுத்துண்டுடுத்து."

மாடியில் காய்ந்த கூழ் வடாமின் நடுவே கிளைடர் கிடந்தது. வால் முறிந்து தனியாகக் கிடந்தது.

"இப்பதான் அண்ணி இது உருப்படியா ஆகியிருக்கு," என்றாள் ஜோதி.

"வாயை மூடு. நான்தான் ஜெயிச்சேன்."

"வடாத்துல இறக்கினா வட்டத்துல இறக்கின மாதிரி ஆயிடுமா?"

மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "எதுக்குடி இந்தச் சண்டை?"

சொன்னார்கள். மாமி பொறுமையாகக் கேட்டாள்.

"யாரோட சித்தப்பா?"

"எங்க வீட்டுக்காரரோட சித்தப்பா மாமி. இவளுக்கும்தான்."

"அப்போ உங்காத்துக்காரர் போகப்படாதோ?"

அண்ணியும் நாத்தனாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த யோசனை இதுவரை யாருக்கும் வரவில்லை. ஜோதி உடனே போனை எடுத்தாள்.

"அண்ணே, காதுகுத்துக்கு நீதான் போற."

"எனக்கு அன்னைக்கு ஷிஃப்ட் இருக்கும்மா," என்றான் வீரமலை.

"மாத்திக்க. பெருமாள் உத்தரவு."

"எந்தப் பெருமாள்?"

"ஸ்ரீரங்கத்துல இருந்துதான் பேசுறேன்."

வீரமலை ஷிஃப்டை மாற்றிக்கொண்டான். அடுத்த ஞாயிறு காலையிலேயே மருங்காபுரி பஸ்ஸில் ஏறிவிட்டான். மத்தியானம் அவனிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. மடியில் மொட்டைத் தலைக் குழந்தை அலறிக்கொண்டிருந்தது. அவன் முகமும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. அந்த நேரத்தில் அவர்கள் இருவரும் மாமியின் மாடியில் பாதி காய்ந்த வடாமைப் பிய்த்துத் தின்றுகொண்டே வாலை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வால் கோணலாக ஒட்டியிருப்பதாக மாமி சொன்னாள்.