கலைக்கத் தெரிந்தவர்கள்

"வாம்மா, படிக்கிற புள்ள! போண்டா சூடா இருக்குது" என்று ராஜாத்தி கூப்பிட்டபோது மேகலா கடை வாசலிலேயே தயங்கி நின்றாள்.

குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலையோரம் ராஜாத்தியின் டீக்கடை. காவிரித் தகராறு மூண்ட வருடம், கர்நாடக லாரி ஒன்றைக் கொளுத்த வந்த கூட்டத்தை நடுரோட்டில் நின்று திட்டித் திட்டியே திருப்பி அனுப்பிய மகராசி அவள். சண்டை நடக்காமல் போன இடங்களைப் பற்றித்தான் மேகலாவின் முனைவர் பட்ட ஆய்வு. போன கருத்தரங்கில், பெருமை தாங்காமல், ராஜாத்தியின் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். ஆய்வுக்கு உதவித்தொகை தரும் பாதுகாப்புத் துறையிலிருந்து வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருந்தவரும் தட்டினார்.

"போன பந்த்துக்கு என்னைய ஸ்டேஷன்ல உக்கார வச்சிட்டாங்கம்மா, பொழுது சாயற வரைக்கும். 'நீ சொன்னா ஊரே கேக்குமாமே'ன்றான். எம்புருசனே கேக்கமாட்டான், ஊரு எங்க சாமி கேக்கறதுன்னேன்." ராஜாத்தி சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "எவன் போட்டுக் குடுத்தானோ, அவன் வாயில மண்ணு வுழ."

மேகலா கடித்த போண்டாவைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

நேற்று அவளுடைய நெறியாளர் குருமூர்த்தி ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார். "கூட்டத்தைக் கலைக்கத் தெரிஞ்சவங்களுக்குச் சேர்க்கவும் தெரியும்னு பணம் தர்றவங்க நெனைக்கறாங்கம்மா. ஒரு ஆள் பத்தாதாம், இன்னும் பேரு வேணுமாம். இல்லேன்னா உன் ஆய்வு இதோட நின்னுடும்." கெட்ட மனுஷர் இல்லை, பாவம். பல்கலைக்கழகத்தில் அவருடைய துறையே அந்தப் பணத்தின் தயவில்தான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. 'யாருமே பேசமாட்டேங்கறாங்க சார்' என்று சொல்லிவிடலாம், டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் திரும்பிவிடலாம் என்று பஸ்ஸில் வரும்போது மேகலா நினைத்திருந்தாள். ஆனால் உட்கார்ந்ததும், பேட்டி எடுக்கும் பழக்கத்தில் கை தானாகவே போனை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டது.

அதைப் பார்த்ததும் ராஜாத்திக்கு உற்சாகம். பக்கத்துப் பஞ்சர் கடைப் பக்கம் குரல் கொடுத்தாள். "முனிவேலண்ணா! அன்னிக்கி எங்கூட நின்னியே, வந்து சொல்லு. புள்ள தூரத்திலேர்ந்து வந்துக்கீது."

"வேணாங்க்கா... இன்னொரு நாள்..." என்றாள் மேகலா.

"அட, கூச்சப்படாத."

முனிவேல் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பொத்தானைப் போட்டபடி, கல்யாண வீட்டுக்கு வருகிறவன் மாதிரி வந்து எதிரே உட்கார்ந்தான். போனில் பதிவுக்கான சிவப்புப் புள்ளியை மேகலா இன்னும் தொடவில்லை. விரல் அதன் மேலேயே நின்றது.

"எம்பேரு முனிவேலு. அப்பா பேரும் வேணுமா, கண்ணு?"

அவள் தலை அசையவில்லை. லாரிச் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று, அவன் போனுக்கு நெருக்கமாகக் குனிந்து, இன்னும் உரக்க, மறுபடி சொன்னான்.