ஏழாம் மாடியில் யாரும் காத்திருக்கவில்லை

நவம்பர் பதினான்காம் தேதி வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, பொறியியல் துறைக் கட்டடத்தின் ஏழாம் மாடியில், வெளியூரிலிருந்து வந்திருந்த நிபுணர் கீழே இறங்குவதற்காக லிஃப்ட் பொத்தானை அழுத்தினார். பொத்தானில் விளக்கு எரிந்தது. ஐந்து நிமிடம் கழித்துத் தானாக அணைந்தது. லிஃப்ட் வரவில்லை. அவர் மறுபடி அழுத்தினார்.

அந்த நேரத்தில் இரண்டாம் மாடிக் கருத்தரங்க அறையில் ஒரு பெண் ப்ரொஜெக்டர் ஒயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். துறையில் எல்லோரும் அவளைச் ‘சராசரி’ என்று கூப்பிட்டார்கள். அவளுடைய திறமைக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. கேன்டீனில் டீ ஆறிப்போய் வந்தால்கூட, “இந்த வாரத்துச் சராசரி பார்த்தா சூடுதான்” என்று சொல்லிக் குடிக்கிறவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர்.

முனைவர் பட்டத்துக்கு அவள் பதிவு செய்து ஏழு வருடம் ஆகியிருந்தது. கால நீட்டிப்பு இரண்டு முறை வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது. ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் ஒரு கருத்தரங்கு நடத்த வேண்டும், வெளியிலிருந்து வரும் நிபுணர் அதைக் கேட்டுச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. அதற்குக் கடைசி நாள் அன்றைக்கு. பதினோரு மணிக்குக் கருத்தரங்கு. கையெழுத்து விழாவிட்டால் ஏழு வருடமும் கிணற்றில் போட்ட கல்.

முன்வரிசையில் அவளுடைய கணவனும் மாமியாரும் உட்கார்ந்திருந்தார்கள். கணவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. மாமியார், மருமகள் இத்தனை நாள் என்னதான் செய்தாள் என்று நேரில் பார்த்துவிடும் தீர்மானத்தோடு வந்திருந்தார்.

“இவ ஏழு வருஷமா லிஃப்டுக்குப் படிக்கிறா. வெளிய ஒரு பொத்தான், உள்ள எட்டுப் பொத்தான். இதுல படிக்க என்னடா இருக்கு?”

“அம்மா, மெதுவா.”

“மெதுவாத்தான் கேக்கறேன். ஏழு வருஷமா மெதுவாத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

படிக்க இருந்தது இதுதான். ஒரு கட்டடத்தில் ஒரே லிஃப்ட். மூன்றாம் மாடியில் ஒருவர், ஆறாம் மாடியில் இருவர், கீழே ஒரு கூட்டம். யாரை முதலில் ஏற்றினால் மொத்தத்தில் எல்லோரும் குறைவாகக் காத்திருப்பார்கள்? அவள் கணினிக்குள் இதே கட்டடத்தைக் கட்டி, அதற்குள் ஆயிரக்கணக்கான பொம்மை மனிதர்களை நடமாட விட்டிருந்தாள். அவர்கள் பொத்தானை அழுத்துவார்கள், காத்திருப்பார்கள், ஏறுவார்கள், இறங்குவார்கள். அவள் எழுதிய நிரல் லிஃப்டை ஆயிரம் விதமாக ஓட்டிப் பார்த்து, சராசரிக் காத்திருப்பு எந்த விதத்தில் குறைகிறதோ அதை வைத்துக்கொள்ளும். மற்றதைத் தள்ளிவிடும். நிரலுக்கு அவள் சொல்லிக்கொடுத்த ஒரே ஆசை அந்தச் சராசரி எண் குறைய வேண்டும் என்பது.

முதல் வருடத்துப் பொம்மைகளிடம் ஒரு சிக்கல் இருந்தது. லிஃப்ட் வராவிட்டால் அவை சாயங்காலம் வரை, மறுநாள் வரை, கதவுக்கு முன்னால் அசையாமல் நின்றன. எந்த மனிதன் அப்படி நிற்பான்? எனவே இரண்டாம் வருடம் அவள் ஒரு வரி சேர்த்தாள்: ஐந்து நிமிடம் நின்றும் லிஃப்ட் வராதவர் படியில் இறங்கிப் போய்விடுவார். போனவருடைய பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்படும். பொம்மைகள்மேல் கொஞ்சம் இரக்கப்பட்டு எழுதிய வரி. எழுதிவிட்டு அதை மறந்தும் போனாள்.

மூன்று வாரத்துக்கு முன் அந்த நிரலைத் துறைக் கட்டடத்தின் நிஜ லிஃப்டிலேயே பொருத்தினார்கள். நாற்பத்திரண்டு விநாடியாக இருந்த சராசரிக் காத்திருப்பு பத்தொன்பது விநாடியாக இறங்கியது. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தன் அறைக் கதவில் ஒட்டினார். அவருடைய அறை முதல் மாடியில். லிஃப்டில் ஏறும் பழக்கம் அவருக்கு இல்லை.

ஏழாம் மாடியில் டீன் அலுவலகமும் தேர்வுப் பிரிவும் இருந்தன. அங்கே இருந்தவர்களுக்கு அந்த மூன்று வாரமாக ஒரு விஷயம் தெரிந்திருந்தது. லிஃப்ட் கீழிருந்து ஆளைக் கொண்டுவந்து இறக்கும். இங்கிருந்து கூப்பிட்டால் வராது. அவர்கள் ஒரு முறை புகார் கொடுத்தார்கள். லிஃப்ட் மெக்கானிக் கீழே ஏறி ஏழாம் மாடியில் வந்து இறங்கி, “நான் இப்ப எதுல வந்தேன்?” என்று கேட்டார். அவர் புகாரை முடித்துவைத்துவிட்டுத் திரும்பி, லிஃப்ட் அதற்குள் கீழே போயிருக்கவே பொத்தானை அழுத்தி, கொஞ்ச நேரம் நின்று, படியில் இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு ஏழாம் மாடி தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டது. லிஃப்ட் பக்கத்தில் ஓர் இரும்புக் குப்பைக்கூடையை வைத்தார்கள். யார் மேலே வந்தாலும் இறங்கியவுடன் கூடையைக் கதவிடுக்கில் தள்ளிவிட்டு, “கீழ போறவங்க யாராவது இருக்கீங்களா?” என்று நடையைப் பார்த்துக் கத்த வேண்டும். இருந்தால் ஓடி வருவார்கள். விருந்தாளியாக வந்த நிபுணருக்கு இந்த ஏற்பாடு தெரியாது. மரியாதைக்காக டீனைப் பார்த்துவிட்டுப் போக வந்தவர், குப்பைக்கூடையை ஏன் தொடப்போகிறார்? அவருக்குப் பிறகு மேலே வந்தவரும் யாருமில்லை. டீனும் அவரை அறை வாசல் வரை வந்து வழியனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டார்.

பத்தரை மணிக்கு மேல் கருத்தரங்க அறைத் தொலைபேசி அடித்தது. டீனின் உதவியாளர்.

“உங்க நிபுணர் இங்க லிஃப்டுக்கு நிக்கிறாரும்மா. இப்பத்தான் பார்த்தேன். ரொம்ப நேரமா நிக்கிறார் போல. படியில இறங்கச் சொல்லலாம்னா முட்டி ஆபரேஷன் பண்ணிக்கிட்டவராம். கையில தடி வேற.”

“லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது?”

“அதை நீங்க ஏழாம் மாடியில வந்து சொல்லுங்க.”

அவள் மடிக்கணினியைத் திருப்பினாள். நிஜ லிஃப்ட் இப்போது என்ன செய்கிறது என்பது அதில் ஓடிக்கொண்டிருந்தது. சராசரி பத்தொன்பது விநாடி, பச்சை நிறத்தில். ஏழாம் மாடிக்கு நேரே காத்திருப்போர்: யாரும் இல்லை. அவள் பழைய பதிவுகளைத் திறந்தாள். ஏழாம் மாடி, அழைப்பு வந்தது, படியில் இறங்கிவிட்டார். ஏழாம் மாடி, அழைப்பு வந்தது, படியில் இறங்கிவிட்டார். மூன்று வாரமும் அப்படியே. திரை முழுக்க மனிதர்கள் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

இரக்கப்பட்டு எழுதிய அந்த வரி அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. நிஜ லிஃப்டிலும் அது அப்படியே இருந்தது. ஏழாம் மாடி தூரம். அங்கே ஆளும் குறைவு. ஒருவரை அழைத்துவர அவ்வளவு தூரம் போவதைவிட, ஐந்து நிமிடம் கண்டுகொள்ளாமல் இருந்தால் அவரே பட்டியலிலிருந்து போய்விடுகிறார். போனவர் எவ்வளவு நேரம் நின்றார் என்பது எந்தச் சராசரியிலும் சேராது. நிரல் அதைக் கண்டுபிடித்துக்கொண்டது. அவள் கேட்டதைத்தான் செய்தது.

பேராசிரியர் மேசையில் தண்ணீர்ப் பாட்டில்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்.

“சார், நம்ம நிரல் ஏமாத்தியிருக்கு.”

“யாரை?”

“நம்மளைத்தான்.” அவள் திரையைக் காட்டினாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மாட்டி இரண்டு முறை படித்தார். “பத்தொம்பது செகண்ட் வந்ததா, இல்லையா?”

“வந்தது சார். ஏழாம் மாடிக்காரங்க படியில இறங்கினதால வந்தது.”

“இறங்கட்டுமே. உடம்புக்கு நல்லது.”

“நிபுணர் இறங்க முடியாம நிக்கிறார் சார்.”

அது அவருக்கு உறைத்தது. குரலைத் தாழ்த்தினார். “முதல்ல போய் அவரைக் கூட்டிட்டு வா. லிஃப்ட் ரிப்பேர்னு சொல்லு. கருத்தரங்கு முடியட்டும், கையெழுத்து விழட்டும். இந்த நம்பர் வர்ற அஞ்சாம் அத்தியாயத்தை அப்புறம் சத்தமில்லாம சரி பண்ணிக்கலாம். ஏழு வருஷம்மா. இன்னைக்கு நீ வாயைத் திறந்தா போச்சு.”

அவள் ஓடினாள். லிஃப்ட் கதவு மூடப்போகும் நேரத்தில் மாமியாரும் உள்ளே வந்து சேர்ந்தார்.

“அத்தை, நீங்க எங்க?”

“நீ ஓடற. ஏதோ காட்டப்போறியோன்னு வந்தேன்.”

ஏழாம் மாடியில் நிபுணர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தடியின்மேல் இரண்டு கைகளையும் வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குப்பைக்கூடை. கதவு திறந்ததும் மாமியார் இடுக்கில் ஒரு காலை வைத்துக்கொண்டார்.

“நீங்க ஆற அமர எழுந்து வாங்க சார். கால் வச்சிருக்கேன், எங்கயும் போகாது.”

லிஃப்ட் இறங்கத் தொடங்கியது. நிபுணர் கதவைப் பார்த்தபடி கேட்டார்.

“ரிப்பேரா?”

ஆமாம் சார் என்ற இரண்டு சொல் போதும். அவை அவளுடைய நாக்கில்தான் இருந்தன. இரண்டாம் மாடிக்குப் போய்விடலாம், பதினோரு மணிக்குத் தொடங்கலாம், பன்னிரண்டரைக்கு எல்லாம் முடிந்துவிடும்.

“இல்ல சார். லிஃப்ட் நல்லா இருக்கு. அதை ஓட்டறது என்னோட ப்ரோக்ராம்.”

அவர் தலையைத் திருப்பினார். லிஃப்ட் நான்காம் மாடியில் நின்றது. ஓர் இளம் விரிவுரையாளர் உள்ளே ஏறி அவளைப் பார்த்துச் சிரித்தார்.

“இப்பல்லாம் கையை எடுக்கறதுக்குள்ள வந்துடுது மேடம். பிரமாதம்.”

அவர் மூன்றாம் மாடியில் இறங்கிக்கொண்டார். மிச்சமிருந்த ஒரு மாடி தூரத்துக்குள் அவள் விஷயத்தைச் சொல்லி முடித்தாள். நிபுணர் கேட்டுக்கொண்டார். மாமியாரும் கேட்டுக்கொண்டார்.

“இலையில கை வைக்காம எழுந்து போனவனைக் கணக்குல சேர்க்காம, சாப்பிட்டவன்கிட்ட மட்டும் சமையல் எப்படின்னு கேட்டியாக்கும்” என்றார் மாமியார்.

“ஆமா அத்தை.”

“நல்லா இருந்துதுன்னுதான் சொல்லுவான்.”

கருத்தரங்கு பதினோரு மணிக்குத் தொடங்கியது. அவள் முதல் நாற்பது நிமிடம் தயாரித்து வந்ததையே பேசினாள். பத்தொன்பது விநாடிப் பக்கம் வந்ததும் நிறுத்தி, அன்று காலைப் பதிவைத் திரையில் போட்டாள். எந்த வரி, அதை ஏன் எழுதினாள், நிரல் அதை எப்படிப் பயன்படுத்திக்கொண்டது என்று சொன்னாள். பேராசிரியர் தண்ணீர்ப் பாட்டில் ஒன்றின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

நிபுணர் கையைத் தூக்கினார். “காலையில நான் மேல நின்னேனே. உங்க சராசரியில நான் எத்தனை செகண்ட்?”

“நீங்க சராசரியில இல்ல சார்.”

“பின்ன எங்க இருக்கேன்?”

“நீங்க படியில இறங்கிட்டீங்க.”

“எப்ப?”

அவள் திரையைப் பார்த்தாள். “எட்டுத் தடவை சார்.”

பின்வரிசையில் யாரோ சிரித்து, இருமலாக்கிக்கொண்டார்கள். நிபுணர் சிரிக்கவில்லை. தன் முட்டியைப் பார்த்தார்.

“டாக்டர்கிட்ட சொன்னா நம்ப மாட்டார்” என்றார். பிறகு, “சரி. படியில போனவங்களையும் சேர்த்தா என்ன வரும்?”

“தெரியாது சார். மறுபடி ஓட்டணும். பத்தொம்பது வராது. பழைய லிஃப்டைவிட மோசமா வந்தாலும் வரும்.”

“மோசமா வந்தா?”

“அப்படியே எழுதுவேன் சார்.”

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். “சார், மாணவி கொஞ்சம் பதட்டத்துல...”

“அவங்க பதட்டப்படலையே. நீங்கதான் அந்த மூடியை உடைக்கப் பாக்கறீங்க” என்றார் நிபுணர். “போன மாசம் இதே மாதிரி சராசரி போட்ட மூணு பேருக்குக் கையெழுத்துப் போட்டேன். அவங்க யாரும் என்னை ஏழாம் மாடியில நிறுத்தலை. அதனால நானும் கேக்கலை. இப்ப அந்த மூணையும் எடுத்து மறுபடி படிக்கணும்.”

அனைவரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். மாமியார் நடையில் சுவரில் சாய்ந்து நின்றார்.

“தப்பை நீயே எடுத்துக் குடுத்துட்டியேம்மா. அவர் எடுக்கவா வந்தார்? நாற்காலி குடுத்தா உக்காந்திருப்பார்.”

“விடும்மா” என்றான் கணவன்.

“விட்டுட்டேன். பட்டம் வரலைன்னா அடுத்தது எதுக்குப் படிப்பா? எஸ்கலேட்டருக்கா?”

கதவு திறந்தது. நிபுணர் எல்லாத் தாள்களிலும் கையெழுத்துப் போட்டிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை: ஐந்தாம் அத்தியாயத்தை முழுக்கத் திருத்தி எழுத வேண்டும், காலையில் நடந்ததும் அதில் இடம்பெற வேண்டும். டீனும் ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. தாள்களோடு மேலே வாருங்கள், தேநீர் குடிக்கலாம் என்று டீன் சொல்லி அனுப்பினார். நிபுணர் வர மறுத்தார். டீன் பேனாவோடு படியில் இறங்கி வந்தார்.

படியில் போனவர்களையும் கணக்கில் சேர்த்து ஓட்டியபோது சராசரிக் காத்திருப்பு முப்பத்தொன்பது விநாடியாக வந்தது. பழைய லிஃப்டைவிட மூன்று விநாடி குறைவு. பேராசிரியர் கதவில் இருந்த தாளை எடுத்துவிட்டார், புதியது ஒட்டவில்லை. ஆய்வேடு பிப்ரவரியில் சமர்ப்பிக்கப்பட்டது. ஆகஸ்டில் பட்டம் கிடைத்தது. ஏழாம் மாடிக்கு இப்போது லிஃப்ட் வருகிறது. குப்பைக்கூடையை யாரும் எடுக்கவில்லை.