ஏபெல் பிறந்த ஊர்

சனிக்கிழமை காலை என் சம்பந்தி டென்னிஸ் பாக்ஸ்டர் லேப்டாப்பும், ஒரு யானையைப் பொட்டலம் கட்டப் போதுமான தாள்களுமாக வீட்டுக்குள் நுழைந்தார். ஜெர்சி சிட்டியில் எங்கள் மகள் விஷாகா இருபத்திரண்டாவது மாடியில் குடியிருக்கிறாள்; நாங்கள் வந்து தங்கியிருந்தது அங்கேதான். லிஃப்டில் வந்த மனிதருக்கு அத்தனை மாடியும் ஏறி வந்தவர்போல மூச்சு வாங்கியது. மூன்று வாரமாகச் சரியான தூக்கம் இல்லையாம்.

எல்லாம் என் மனைவி ருக்மிணி கேட்ட ஒரு கேள்வியால் வந்த வினை. விஷாகாவுக்கும் டென்னிஸின் மகன் நேட்டுக்கும் தை மாதம் சென்னையில் கல்யாணம். பத்திரிகையில் எங்கள் பக்கம் ‘செய்யாறு தெய்வத்திரு கோபாலசாமி அவர்களின் பேத்தி’ என்று ஜம்மென்று இருந்தது. அவர்கள் பக்கம் ‘தெய்வத்திரு ஹாரல்ட் பாக்ஸ்டர் அவர்களின் பேரன்’ என்று மொட்டையாக நின்றது.

“பூர்வீகம் எதுன்னு கேளுங்க. ஊர் இல்லாம போட்டா, மாப்பிள்ளையை ரோட்ல கண்டெடுத்த மாதிரி இருக்கும்” என்றாள் ருக்மிணி.

கேட்டேன். டென்னிஸ், அப்பா ராணுவத்தில் இருந்ததால் பதினெட்டு வயதுக்குள் பதினோரு ஊர் மாறியவர். மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது. அவர் பேசுவது இங்கிலீஷ். என் தமிழில் தருகிறேன், கொஞ்சம் உப்பு காரம் சேர்த்து. “எந்த ஊர் என்று கேட்பவர்களுக்கு, அப்போது எங்கே இருக்கிறேனோ அதைச் சொல்வேன். அதற்கு முன்னால் எங்கே என்று யாரும் கேட்டதில்லை, சம்பந்தி. அந்த இடத்தில் சும்மா ஓர் ஊரைப் போட்டுவிடாதீர்கள். நான் கண்டுபிடித்துத் தருகிறேன்.”

கண்டுபிடித்துதான் வந்திருந்தார். ஒன்றுக்கு இரண்டாக. அவருடைய எள்ளுத்தாத்தா ஏபெல் பாக்ஸ்டர் இங்கிலாந்திலிருந்து கப்பலேறியவர். ஏறுவதற்கு முன் இரண்டு மக்கள்தொகைக் கணக்கில் சிக்கியிருக்கிறார். 1851இல் ஏபெல், வயது இருபது, பிறந்த ஊர் தார்ன்பி. 1861இல் அதே ஏபெல், வயது முப்பது, பிறந்த ஊர் எல்ம்கோட். ஒரு மனுஷன் பத்து வருஷத்தில் கிழவனாகலாம், கோடீஸ்வரனாகலாம். பிறந்த ஊரை எப்படி மாற்றுவான்? அச்சகத்துக்காரர் அன்று சாயங்காலம்வரைதான் கெடு கொடுத்திருந்தார்.

சர்ச் பதிவேடுகளைத் திறந்தோம். இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் பிறந்த ஆண்பிள்ளைகளில் பாதிப்பேருக்கு ஏபெல் என்றுதான் பெயர் வைத்திருப்பார்கள் போல. மீதிப் பேர் அவனுக்குச் சித்தப்பா. கையெழுத்தோ, மழையில் நனைந்த எறும்பு நடந்துபோன மாதிரி. பதினொரு மணிக்குள் எனக்கு என் தாத்தாவின் பெயரே மறந்துவிட்டது.

ருக்மிணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “அந்த ஏபெலோட அம்மாவுக்கு எந்த ஊராம்?”

ஏபெலைப் பெற்றவர்களின் கல்யாணப் பதிவைத் தேடினார் டென்னிஸ். தாய் ஹன்னா, ஊர் தார்ன்பி. தகப்பன்தான் எல்ம்கோட்.

“அப்புறம் என்னங்க குழப்பம். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருப்பா.”

மொழிபெயர்த்தேன். எவ்வளவோ காசு கட்டிப் படித்த வம்சாவளி வகுப்பில் இதை யாரும் தனக்குச் சொல்லவில்லை என்றார் டென்னிஸ். தார்ன்பி பதிவேட்டைப் புரட்டினோம். பத்தே நிமிஷம். 1829 மார்ச், ஞானஸ்நானம்: ஏபெல், தாய் ஹன்னா. டென்னிஸ் எழுந்து நின்று ருக்மிணியைக் கும்பிட்டார். அவள் கேசரிக்கு ரவை வறுக்கப் போனாள். கணக்குப்படி வயது இரண்டு வருஷம் இடித்தது. “வயசை எவன் சரியா சொல்றான்” என்று நான் அதை ஊதித் தள்ளினேன்.

டென்னிஸ் மட்டும், பழக்கதோஷத்தில், அடக்கப் பதிவையும் திறந்தார். அப்படியே நின்றுவிட்டார்.

1829 ஏப்ரல். ஏபெல் பாக்ஸ்டர், கைக்குழந்தை. பத்தொன்பது நாள்.

“அப்படியானால் நான் எப்படி?” என்றார், என்னவோ நான்தான் பதில் சொல்ல வேண்டியவன்போல.

எல்ம்கோட் பதிவேட்டில் பதில் இருந்தது. 1831. அதே தகப்பன், அதே ஹன்னா. பிள்ளையின் பெயர் ஏபெல்.

“அதே பேரா?” ருக்மிணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

சரி, எள்ளுத்தாத்தா இரண்டாமவர், எல்ம்கோட்டில் பிறந்தவர். பிறகு ஏன் 1851இல் தார்ன்பி என்று எழுதினார்கள்? இங்கேதான் அடியேன். பெரம்பூர் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாராக, 1981 கணக்கெடுப்பில் ஏழாயிரம் வீடு ஏறியவன். சரி, நூற்று எழுபது. “யார் கதவைத் திறக்கிறார்களோ அவர்கள் சொல்வதுதான் கணக்கு, டென்னிஸ். பெரியப்பா வயதைச் சித்தி சொல்வாள். அன்றைக்கு வீட்டில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள்.”

1851 பக்கத்தைப் பெரிதாக்கினார். குடும்பத் தலைவர்: ஹன்னா பாக்ஸ்டர், விதவை. அதற்கடுத்த வரியில் மகன் ஏபெல், கூலி வேலை. பகலில் அவன் எங்கே வீட்டில் இருந்திருக்கப் போகிறான். 1861இல் ஹன்னா இல்லை. ஏபெலே குடும்பத் தலைவன்.

“அப்போ அந்தம்மாதான் சொல்லியிருக்கா” என்றாள் ருக்மிணி.

  நான்தான் வாத்தியார் ஆயிற்றே, தீர்ப்பு சொன்னேன். “அந்தம்மா தப்பா சொல்லிட்டாங்க. எல்ம்கோட்தான் சரி. அச்சகத்துக்குப் போன் போட்டுச் சொல்லிடறேன்.”

“எதுங்க தப்பு?” அவள் குரல் உயரவில்லை. “உன் புள்ளை ஏபெல் எங்க பொறந்தான்னு ஒருத்தன் வாசல்ல நின்னு கேட்டிருக்கான். அவ மூத்தவனைச் சொல்லியிருக்கா.”

என்ன சொன்னாள் என்று டென்னிஸ் என்னைப் பார்த்தார். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். “அப்படியானால் நான் எதைப் போட?” என்றார். கேள்வி எனக்கல்ல, ருக்மிணிக்கு. எனக்கோ எந்த ஏபெல் யாருக்கு யார் என்பதே மறுபடி கலைந்துபோயிருந்தது.

அவள் அவருக்கு எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

டென்னிஸ் தன் வம்சாவளிப் படத்தை மேசைமேல் விரித்தார். ஏபெல் என்று எழுதியிருந்த கட்டத்துக்குப் பக்கத்தில், இரண்டு கோடுகளுக்கு நடுவே மிச்சமிருந்த துளி இடத்தில், பேனாவால் இன்னொரு கட்டம் வரைந்தார். நகத்தளவு. அதிலிருந்து ஹன்னாவுக்கு ஒரு கோடு இழுத்தார். உள்ளே எழுதப் பேனாவை வைத்தார். ஒரே ஓர் எழுத்துக்குத்தான் இடம் இருந்தது. பேனா முனை அங்கேயே நிற்க, தாளில் மை மெல்ல ஊறிக்கொண்டிருந்தது.