கிடாரத்தின் மேல் கண்ணாடி

அப்புத்துரை தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தபோது, விரிப்புக்கு அடியிலிருந்து ‘ணங்’ என்று ஒரு சத்தம் எழுந்து, கொஞ்ச நேரம் நின்று, பிறகு அடங்கியது. குசினி வாசலில் நின்ற சுதாஜினி மாமியைப் பார்த்தாள். மாமி இராசேஸ்வரியோ யன்னலுக்கு வெளியே நின்ற முருங்கையை, அப்படியொரு மரத்தை இன்றைக்குத்தான் காண்கிறவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சற்று முன்னர்தான் மாமி, கோயில்காரரான அப்புத்துரைக்கு ஒரு பொய் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை குளக்கட்டு வைரவருக்குப் பொங்கல். வழக்கம்போலப் பொங்க அந்தப் பெரிய பித்தளைக் கிடாரத்தைத் தரவேண்டும் என்று அப்புத்துரை கேட்டதும், அது ஓட்டையாய்ப் போய்விட்டது, அடுப்பில் வைக்கிற நிலையில் இல்லை என்று சொல்லிவிட்டார். அதையும் எங்கேயிருந்து சொன்னார் என்கிறீர்கள்? கிடாரத்துக்கு ஒரு முழம் தள்ளி இருந்துகொண்டுதான். இருவருக்கும் நடுவில், படுக்கை விரிப்பால் நிலம்வரை மூடப்பட்டு நின்ற அந்த வட்ட மேசை வேறொன்றுமில்லை, அந்தக் கிடாரமேதான். படலையில் சைக்கிள் மணி கேட்டதும் அறைக்குள் ஓடிப்போய் விரிப்பை உருவிவந்து மூடியவரும் அவர்தான்.

அக்கராயன் ஊரில் அந்த வரிசையில் உள்ளதெல்லாம் ஒரே அச்சில் கட்டிக்கொடுத்த வீட்டுத்திட்ட வீடுகள். வெளியில் நின்று பார்த்தால் எது யாருடையது என்று சொல்ல ஏலாது. உள்ளே போனால்தான் சுதாஜினியின் வீடு தெரியும். கலியாணம் முடித்து வந்த புதிதில் மண்டபம் நிறையப் பச்சைப் பிளாஸ்டிக் கதிரைகளும், மூலையில் இராசேஸ்வரியின் தகப்பன் செய்வித்த முதிரை மரக் கதிரை ஒன்றும் கிடந்தன. முதிரைக் கதிரையின் பிரம்பு அறுந்து, நடுவில் பூனை படுக்கும். அவள் அதை மஞ்சள் வயரால் பின்னுவித்தாள். மாமியின் நைந்த நூல்சேலைகளை வெட்டிக் குசன் தைத்து, பச்சைக் கதிரைகளில் போட்டாள். தையல் மெசினின் இரும்புக் காலுக்கு மேல் ஒரு பலகையும், அதற்கு மேல் வானில் சாமான் விற்க வருகிறவனிடம் வாங்கிய மலிவு முகக்கண்ணாடியும் வந்தன. அவள் பெரிதாக எங்கேயும் படித்து இதைச் செய்யவில்லை. பழசுக்குப் பக்கத்தில் புதுசை வைத்துவிட்டு, கதவடியில் போய் நின்று பார்ப்பாள். இரண்டில் ஒன்று கூச்சப்பட்டுக்கொண்டு நிற்பதுபோலத் தெரிந்தால் இடத்தை மாற்றுவாள். அவ்வளவுதான்.

கிடாரம் கடைசியாக வந்தது. அது இராசேஸ்வரி இடம்பெயர்ந்து போகும்போது கிறீஸ் பூசி, உரப்பையில் சுற்றிப் புதைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து கிண்டியெடுத்த பித்தளைக் கிடாரம். விளிம்பில் அவரின் செத்துப்போன புருசனின் பெயரின் முதலெழுத்து வெட்டியிருந்தது. ஊர் திரும்பிய முதல் வருசம் கோயிலில் ஒரு சட்டிகூட இல்லாதபடியால், வைரவரின் பொங்கல் அதில்தான் பொங்கியது. பிறகு எவ்வளவு பாத்திரம் வந்தாலும் முதல் பானை அரிசி அதற்குள்தான் என்று ஆகிவிட்டது. மற்ற நாட்களில் அது கொட்டிலுக்குள் கோழி அடைகாக்கக் கிடந்தது. சுதாஜினி அதைப் புளிபோட்டு விளக்கி, கிளிநொச்சியில் உடைந்த கடைக் கண்ணாடி ஒன்றை வட்டமாக வெட்டுவித்து மேலே வைத்தாள். புருசன் சுஜிதன் மோட்டார்சைக்கிளுக்கு அடித்து மிஞ்சிய வாணிஷை, பித்தளை மங்காமல் இருக்கட்டுமென்று அதற்கு அடித்துவிட்டான். அங்கேதான் பிழை நடந்தது. வாணிஷ் அடித்த பாத்திரத்தை அடுப்பில் ஏற்ற முடியுமா? அதை அந்த நேரம் ஒருவரும் யோசிக்கவில்லை. வைரவரின் பொங்கல் எட்டு மாதம் தள்ளி இருந்தது.

சுதாஜினி அந்த மேசையின் படத்தைப் போனில் எல்லாரும் பார்க்கப் போட்டிருந்தாள். அதைப் பார்த்துத்தான் முல்லைத்தீவிலிருந்து ஸஹ்றா என்றொருத்தி பேசினாள். நாநா என்று அவள் கூப்பிடுகிற தமையனும் அவளும் கடற்கரைப் பக்கம் வாப்பாவின் காணியில் தங்குமிடம் ஒன்று கட்டுகிறார்களாம். எல்லாம் புதிதாக வாங்கக் காசு காணாது, எல்லாம் பழசாக இருந்தால் வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள், உங்கள் வீட்டை ஒருக்கால் நேரில் பார்த்துவிட்டு அறைகளைச் சோடிக்கிற வேலையை உங்களிடமே தரலாமோ என்று யோசிக்கிறேன் என்றாள். அதே பொங்கல் திங்கட்கிழமைதான் நாநாவின் வான் கிளிநொச்சிக்கு வருகிறது, அதில் வருவாளாம். அன்று தொடக்கம் சுதாஜினிக்கு நித்திரை குறைந்துபோனது. பழைய சேலையில் குசன் தைத்தவளை நம்பி ஒருத்தி முழு வீட்டையும் தரப் பார்க்கிறாள். இன்னொரு முறை அப்படி யார் கேட்கப்போகிறார்கள்?

இப்போது அப்புத்துரை மிச்சத் தேத்தண்ணியையும் குடித்து முடித்தார்.

“ஓட்டையெண்டால் என்ன தங்கச்சி, ஒட்டிறதுக்கு ஆள் இருக்கு. எங்க கிடக்கு, காட்டு பாப்பம்.”

“கொட்டிலுக்க கிடக்கு அண்ணை. மேல விறகு அடுக்கியிருக்கு.”

“விறகை நான் இறக்கிறன்.”

“விறகுக்கு மேல கோழி அடையில கிடக்கு,” என்றார் இராசேஸ்வரி.

அவர் தடுமாறித் தடுமாறி ஒவ்வொன்றாகப் பொய்யை அடுக்குவதைப் பார்க்கச் சுதாஜினிக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அப்புத்துரை வெறுங்கோப்பையை வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்தி வைத்தார். ணங். அவள் வந்து கோப்பையை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, விரிப்பைப் பிடித்து இழுத்தாள். மத்தியான வெளிச்சத்தில் கிடாரம் தகதகவென்று நின்றது. அதன் வயிற்றில் அப்புத்துரையின் முகம் பூசணிக்காய் அளவில் தெரிந்தது.

“ஓட்டை இல்லை மாமா. மாமி எனக்காகச் சொன்னவா.”

“உனக்காக மட்டுமில்லை,” இராசேஸ்வரி யன்னலைப் பார்த்தபடியே சொன்னார். “எனக்கும் அதில வைச்சுத் தேத்தண்ணி குடிக்க விருப்பம்.”

அப்புத்துரை தன் பூசணிக்காய் முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். “வைரவர் இவ்வளவு நேரமும் மணியடிச்சுச் சொன்னவர், எனக்குத்தான் விளங்கேல்லை,” என்றார். பிறகு குரலைத் தணித்து, வேண்டாமென்றால் சொல்லு பிள்ளை, கிளிநொச்சியில் வாடகைக்கு எடுப்போம், வைரவர் ஒன்றும் நினைக்கமாட்டார் என்றார். அவர் கோபித்திருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும். அவரோ அவள் கேட்காமலே தப்பிக்க வழியைத் திறந்துவிட்டு நின்றார்.

சுதாஜினி கண்ணாடியில் கைவைத்தபடி நின்றாள். போனில் போட்ட படம் நினைவுக்கு வந்தது. அதற்குக் கீழே அவளே தன் கையால் எழுதியிருந்தாள், ‘எங்கட ஊர்க் கிடாரம்’ என்று. ஸஹ்றா அதைப் பார்த்துத்தான் பேசினவள்.

“திங்கள் விடியவே ஆளை அனுப்புங்கோ,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்வளவில் வைக்கோல் மூட்டி வாணிஷை எரித்தார்கள். அதன் நாற்றத்துக்கு அயல்வீட்டு நாய்கூட எழும்பிப் போனது. வாணிஷ் அடித்த குற்றத்துக்குச் சுஜிதன்தான் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தான். எவ்வளவு தேய்த்தும் பழைய தகதகப்பு வரவில்லை. நெருப்புப் பட்ட இடங்களில் மயில்கழுத்து நிறத்தில் திட்டுத்திட்டாக நின்றது.

திங்கட்கிழமை மண்டபத்தின் நடுவில், சீமெந்து நிலத்தில், கிடாரம் நின்ற வட்டம் மட்டும் வெளிறிக் கிடந்தது. கண்ணாடி சுவரோடு சாய்ந்து நின்றது. சுதாஜினி ஒரு முக்காலியை வைத்துப் பார்த்தாள், தண்ணீர் வாளியைக் கவிழ்த்துச் சேலையைச் சுற்றிப் பார்த்தாள். வாளிக்குச் சீலை உடுத்தாதே பிள்ளை, தாலி கட்டவும் சொல்லப்போகினம் என்று இராசேஸ்வரி சொன்னதும் இரண்டு பேரும் நிலத்தில் இருந்து சிரித்தார்கள். சிரித்து முடிய, நடுவை வெறுமையாகவே விட்டாள்.

ஸஹ்றா பின்னேரம் வந்தாள். நாற்பது வயதிருக்கும். பேசுவதைவிடப் பார்ப்பதுதான் கூடுதல். குசன்களைத் தொட்டுப் பார்த்தாள், மெசின் காலைக் காலால் ஒரு தரம் மிதித்துப் பார்த்தாள். முதிரைக் கதிரையில் உட்கார்ந்து மஞ்சள் வயரை விரலால் தடவிக்கொண்டே, படத்தில் இருந்த மேசை எங்கே என்று கேட்டாள்.

“கோயிலுக்குப் போயிட்டுது அக்கா. பொங்கல்.”

சொல்லும்போது எல்லாம் கைவிட்டுப் போவதுபோலத்தான் சுதாஜினிக்கு இருந்தது. ஸஹ்றா நிலத்திலிருந்த வட்டத்தைப் பார்த்தாள். கனநேரம் பார்த்தாள்.

“எங்கட உம்மாட்டயும் ஒண்டு இருந்தது,” என்றாள். “நோன்புக் கஞ்சி காய்ச்சிற சட்டி. ஊரைவிட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு வாப்பா அதைக் கிணத்துக்குள்ள போட்டவர். திரும்பி வந்து கிணறு இறைச்சம். சேறுதான் வந்தது.”

பிறகு இராசேஸ்வரி, கஞ்சிக்குத் தேங்காய்ப்பால் முதலில் விடுகிறவர்களா கடைசியிலா என்று கேட்டார். கடைசியில் என்றாள் ஸஹ்றா. அதுதான் சரி என்று இராசேஸ்வரி தலையாட்டினார். அதற்குப் பிறகு இருவரும் இஞ்சி, வெந்தயம் என்று நெடுநேரம் கதைத்தார்கள். சுதாஜினி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். ஸஹ்றா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். வைக்க இடமில்லை.

பொழுது சாயும் நேரத்தில் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினின் சத்தம் கேட்டது. பின்னால் கொழுவிய இழுவைப் பெட்டிக்குள் கிடாரத்தைக் கட்டிப் பிடித்தபடி சுஜிதன் நின்றான். அடிப்பக்கம் கரிக்கறுப்பு. குளத்தடியில் சுடுதண்ணி ஊற்றி உட்பக்கத்தை மட்டும் கழுவியிருந்தார்கள். இரண்டு பக்கமும் பிடித்து உள்ளே கொண்டுவந்தபோது, மண்டபம் முழுக்கப் பால்பொங்கல் வாசமும் புகை வாசமும் வந்து நின்றன.

“கொஞ்சம் இருங்கோ அக்கா, கரியை விளக்கிப்போட்டு வைக்கிறன்.”

“வேணாம் தங்கச்சி, இப்பிடியே வைங்க,” என்றாள் ஸஹ்றா.

வட்டத்துக்கு மேல் வட்டமாக வைத்தார்கள். சுதாஜினி கண்ணாடியைத் தூக்கிவந்து மேலே இருத்தினாள். கிடாரம் இன்னும் ஆறவில்லை. கண்ணாடிக்கு அடியில் மெல்ல ஆவி படியத் தொடங்கி, நடுவிலிருந்து விரிந்து, விளிம்புவரை வெண்மையாகப் போர்த்தது. மூன்று பெண்களும் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

படலையில் ஸஹ்றாவை ஏற்றிப்போக வந்த நாநாவின் வான் ஹோர்ன் அடித்தது. இன்னொரு தரமும் அடித்தது. ஸஹ்றா முதிரைக் கதிரையைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இவ்வளவு நேரமும் கையில் இருந்த கோப்பையை அந்த வெண்மையின் நடுவில் வைத்தாள்.

ணங் என்றது.