நான் கூப்பிட்டேனாம்

என் கணவரின் இரண்டு விரல்கள் போனதற்கு நான்தான் காரணமாம். கார் நிறுத்தும் கொட்டகையில் அவர் கரண்டில் ஓடும் ரம்ப மேசையில் பலகை அறுத்துக்கொண்டிருந்தபோது, சாப்பிட வரச்சொல்லி நான் கூப்பிட்டேனாம். அவர் திரும்பினாராம், கை பிளேடில் பட்டுவிட்டதாம். டாக்டரிடம் சொன்னார், ஆபீசில் சொன்னார், பார்க்க வந்த சனத்துக்கெல்லாம் சொன்னார். சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

அன்றைக்கு நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அலறல் கேட்டுத்தான் ஓடிவந்தேன். பிளேடுக்கு மேல் ஒரு மூடி, அறுத்த இடைவெளி நெருங்கிவிடாமல் பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு, இரண்டும் மெஷினோடு வந்தவை. கோடு தெரியவில்லை என்று வாங்கிய வாரமே கழற்றி வைத்தவர் இந்த மகராசன். தகடு இல்லாததால் பலகை பிளேடைக் கவ்வியது, எகிறியது, அழுத்திப் பிடித்திருந்த கையையும் சேர்த்து இழுத்தது. நடந்தது அவ்வளவுதான். ஆனால் பெண்டாட்டி தலையில் கட்டிவிட்டால் கௌரவம் மிச்சமாகிறதே.

அவருடைய அக்கா இதைப் போகிற இடமெல்லாம் டமாரம் அடித்தாள். தம்பியை முடமாக்கிவிட்டேன் என்று என் அம்மாவுக்கே போன் போட்டு அழுதாள். கட்டுப் பிரித்ததும், தன் வீட்டு அலமாரிக்குப் பலகை அறுத்துத் தரச்சொல்லி அதே தம்பியிடம் வந்து நின்றாள். அவளுக்கு வெட்கமும் இல்லை, இவருக்குப் புத்தியும் இல்லை.

மூடியையும் தகட்டையும் தேடி எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"நீ கூப்பிடாம இருந்தா அதுவே போதும்" என்றார். அக்காக்காரி சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டையும் மாட்டாமலே மெஷினை ஓடவிட்டார். பலகை பாதி அறுபட்டதும் அதன் பின்பக்கம் மெல்ல எழும்பியது. மிஞ்சிய விரல்களை வைத்து அவர் அழுத்தினார். நான் வாயே திறக்கவில்லை. நேராகச் சுவருக்குப் போய் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். பிளேடு முனகி நின்றது.

யார் கரண்டைப் பிடுங்கியது என்று சீறிக்கொண்டு திரும்பினார். கட்டையைக் காட்டினேன்.

"இந்தத் தடவ நான் கூப்பிடல. உங்க அக்காவே சாட்சி."

அவள் பலகையை இழுத்துப் பார்த்தாள். பிளேடைக் கவ்விக்கொண்டு அது அசையவே இல்லை. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அன்னைக்கும் இப்படித்தான் ஆச்சாடா?"

அவர் ஃபியூஸ் கட்டைக்குக் கை நீட்டினார். பதில் வராமல் கரண்ட் வராது என்றேன். தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அவ கூப்பிடல."

அக்கா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. இன்னும் பலகை பாக்கி இருக்கிறது, சீக்கிரம் மூடியை மாட்டச் சொல் என்று என்னிடமே சொன்னாள். அவர் மாட்டத் தொடங்கினார். திருகாணியைப் பிடிக்க விரல் போதவில்லை. திரும்பத் திரும்ப நழுவிக் கீழே விழுந்தது. ஒவ்வொரு தடவையும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

நான் குனிந்து எடுத்துக் கொடுக்கவில்லை.