திருவா, செல்வனா?

எங்கள் வீட்டுப் பத்திரிகைகளில் இதுவரை ஓர் எழுத்துப் பிழை வந்ததில்லை. பேத்தி பவித்ராவின் காதணி விழாப் பத்திரிகைக்கும் நானே கைப்பட எழுதிக் கொடுத்தேன். பாலக்கரையில் அச்சகம் வைத்திருக்கும் சவரிநாதன் மாதிரித் தாளை நீட்டினார். தாய்மாமன் என்ற இடம் வெறுமையாக இருந்தது. என் மகன் ஸ்ரீநாத்தின் பெயர் கீழே 'மழலைச் செல்வங்கள்' வரிசையில், இரண்டு எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு நடுவே இருந்தது. அவனுக்கு முப்பத்தொன்பது வயது.

"இதென்ன கூத்து, சவரிநாதன்?"

"நீங்கதானுங்கய்யா செல்வன்னு எழுதியிருக்கீங்க. செல்வன், செல்வி எல்லாத்தையும் கடைப்பொண்ணு அங்க சேர்த்துருச்சு. உங்க மகனுக்கும் வாட்ஸப்ல அனுப்பினோம். சரியா இருக்குன்னுட்டாரு."

என் கையெழுத்தைப் பார்த்தேன். செல்வன் என்றுதான் இருந்தது. கல்யாணம் ஆகாதவனுக்குத் திரு போடுவது எங்கள் வழக்கமில்லை. அது போகட்டும். இவன் ஏன் சரி என்றான்? திருவானைக்காவல் வரும்வரை பஸ்ஸில் அந்தக் கேள்விதான் மண்டையைக் குடைந்தது.

வீட்டில் ஸ்ரீநாத் போனில் கார் ஓட்டி விளையாடிக்கொண்டிருந்தான். என் மகள் ரேஷ்மா, குழந்தையின் தாய், பக்கத்தில் முறைத்துக்கொண்டு நின்றாள்.

"பார்த்துட்டுதான் சரின்னியா?" என்றேன்.

"பார்த்துட்டுதாம்ப்பா. எனக்கு அந்த இடம் பிடிச்சிருந்துச்சு."

"சம்பந்தி வீட்டு முகத்துல நான் எப்படிடா முழிக்கறது?"

"பெரியப்பா மகன் முருகானந்தத்தைப் போடுங்க. அவனும் மாமன் முறைதானே. ரெண்டு பிள்ளைங்க வெச்சிருக்கான், மடியில உக்கார வெச்சுப் பழக்கம்."

"உன் மடி இல்லன்னா காதே குத்தல," என்றாள் ரேஷ்மா. "அவ தோடு இல்லாமலே வளரட்டும். யாராவது கேட்டா, எங்கண்ணன் இன்னும் வயசுக்கு வரலைன்னு சொல்லிக்கறேன்."

திட்டத்தான் வாயெடுத்தேன். கேள்வியாக வந்தது. "அப்படி என்னடா பயம்?"

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். "குத்தறப்ப தலை ஆடாம பிடிச்சுக்கணும்ல. நான் விட்டுட்டேன்னா? இதுவரைக்கும் எதையாவது நான் பொறுப்பா செஞ்சு நீங்க பார்த்திருக்கீங்களா?"

பாங்கில் அவனுடைய பாரத்தைக்கூட நானே நிரப்பி, கையெழுத்துக்கு மட்டும் அவனிடம் நீட்டுகிறவன் நான்.

மாதிரித் தாளை அவன் கையில் கொடுத்தேன். "சாயந்திரத்துக்குள்ள அச்சுக்குப் போகணும். எந்தப் பேரை எங்க போடணுமோ, நீயே போய்ச் சொல்லிட்டு வா."

கூடவே போகக் கால் துடித்தது. போகவில்லை.

வெகுநேரம் கழித்துச் செருப்பை மாட்டினான். வாசலில் நின்று தங்கையிடம், "அழுதா உடனே வந்து வாங்கிக்கணும்," என்றான்.

"யாரு அழுதா?" என்றாள் அவள்.

இரண்டு நாளில் பத்திரிகைக் கட்டு வந்தது. தாய்மாமன் என்பதற்குக் கீழே ஸ்ரீநாத். முன்னால் திருவும் இல்லை, செல்வனும் இல்லை. சவரிநாதனுக்குப் போன் போட்டேன்.

"ரெண்டுமே வேணாம்னுட்டாருங்கய்யா. நான் எவ்வளவோ சொன்னேன்."

எங்கள் குடும்பத்தில் ஓர் ஆண்பிள்ளையின் பெயர் இப்படி மொட்டையாக அச்சானதில்லை. கட்டைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு ஒன்றை உருவி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டு, ஸ்ரீரங்கத்துச் சம்பந்தி வீட்டுக்குப் புறப்பட்டேன். என்ன கேட்கிறார்கள், பார்க்கலாம்.